வயிற்றுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?



போன முறை சுவர் இதழில் சந்திர கிரகணம் பற்றி எழுதினேன். அதை எத்தனை பேர் படித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அதன் மேலேயே யாரோ நீலப் பேனாவில் கபடி ஸ்கோர் எழுதி வைத்திருந்தார்கள். இந்த முறை கட்டாயம் படிப்பீங்க. ஏன்னா இது சோறு பற்றிய கட்டுரை.

எங்கள் வகுப்பில் ஒரு தோழி இருக்கிறாள். பெயர் எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் இதை எழுதச் சம்மதித்தாள். பரீட்சை நாள் வந்தால் அவளுக்கு வயிறு வலிக்கும். வினாத்தாள் கொடுக்கும் முன்பே இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவாள். ஒரு தடவை வாந்தியும் எடுத்தாள். நாங்கள் எல்லோரும் அவள் நடிக்கிறாள் என்று நினைத்தோம். 'நடிகை' என்று பட்டப்பேர் வைத்தோம். 'வைத்தோம்' என்று எழுதுவது பொய். அந்தப் பேரை வைத்தது நான்தான்.

அப்புறம் குடியரசு தினத்தன்று நான் மேடையில் பேச வேண்டியிருந்தது. மனப்பாடம் செய்தது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கொடி ஏற்றுவதற்குள் மூன்று தடவை கழிவறைக்கு ஓடினேன். வயிறு முறுக்கிப் பிழிந்தது. அன்றைக்கு என்னை யாரும் நடிக்கச் சொல்லவில்லையே!

மறுநாள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். "டீச்சர், பயம் மூளையிலதானே இருக்கு? அப்புறம் வயிறு ஏன் வலிக்குது?" டீச்சர் சிரித்துவிட்டு, "நல்ல கேள்வி. நீயே படிச்சு எழுது, ஒட்டிடலாம்" என்றார்கள். அவர்கள் பி.எஸ்ஸி. படித்த காலத்துப் புத்தகத்தைக் கொண்டுவந்து, நான்கு சனிக்கிழமை உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்தார்கள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டு சார்ட் ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் உடம்பில் சேதி அனுப்ப இரண்டு வழி உண்டு. ஒன்று நரம்பு, இன்னொன்று ஹார்மோன். நரம்பு என்பது ஆள் அனுப்பி ஒருவர் காதில் மட்டும் சொல்வது மாதிரி. கண் இமைக்கும் நேரத்தில் போய்ச் சேரும், வேறு யாருக்கும் கேட்காது. ஹார்மோன் என்பது தண்டோரா போடுவது மாதிரி. இரத்தத்தில் கலந்து ஊர் முழுக்கச் சுற்றும். எல்லா வீட்டுக்கும் கேட்கும், ஆனால் யாருக்கான சேதியோ அவர்கள்தான் எழுந்து வருவார்கள். சரி, தண்டோரா போடுகிறவரிடம் "இப்ப போடு" என்று யார் போய்ச் சொல்வது? வயிற்றில் அந்த வேலையைப் பெரும்பாலும் நரம்பு செய்கிறது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். இது எனக்குப் புரியவே இரண்டு சனிக்கிழமை ஆனது.

வயிற்றில் ஹார்மோன் சுரப்பதற்குத் தைராய்டு மாதிரி தனிச் சுரப்பி எதுவும் கிடையாது. இரைப்பையின் உள்சுவரிலும் குடலின் உள்சுவரிலும் சாதாரணச் செல்களுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக அந்தச் செல்கள் உட்கார்ந்திருக்கும். நூறு செல்லுக்கு ஒன்று இருந்தால் அதிகம். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் உடம்பிலேயே பெரிய நாளமில்லாச் சுரப்பி இதுதானாம். அவை சுரப்பவை பெப்டைடு ஹார்மோன்கள். பெப்டைடு என்றால் அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்த சரம், மல்லிகைச் சரம் மாதிரி. சிலவற்றில் 17 பூ, சிலவற்றில் 27 பூ. இன்சுலினும் இந்தச் சாதிதான், அதில் 51 இருக்கிறது. எங்க அப்பத்தா "இந்த ஊசிக்குப் பதிலா மாத்திரை கிடையாதா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இன்சுலினை விழுங்கினால் நாம் சாப்பிட்ட பருப்பையும் முட்டையையும் செரிக்கிற மாதிரி வயிறு அதையும் செரித்துவிடும். அதனால்தான் ஊசி.

இப்போது கதைக்கு வருகிறேன். கதையில் ஒரு சண்டை இருக்கிறது.

ரஷ்யாவில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் பாவ்லவ் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று படித்தோமே, அவரேதான். ஆனால் 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது மணிக்காக அல்ல, செரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக. அவர் நாயின் கழுத்தில் உணவுக்குழாயை வெளிப்பக்கமாகத் திறந்துவிட்டார். நாய் கறியை ஆசையாகத் தின்னும், விழுங்கும். ஆனால் அது கழுத்து வழியாகவே வெளியே விழுந்துவிடும், இரைப்பைக்குப் போகாது. ஆனாலும் சுமார் ஐந்து நிமிடத்தில் இரைப்பையில் செரிமான நீர் சுரக்க ஆரம்பித்தது! சோறு வரவே இல்லை, சோறு வருகிறது என்ற தகவல் மட்டும் வந்திருக்கிறது. தகவல் எந்த வழியாக வந்தது? மூளையிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் என்ற நரம்பை வெட்டிவிட்டுப் பார்த்தார். நாய் எவ்வளவு தின்றாலும் அந்த நீர் சுரக்கவில்லை.

வேகஸ் என்பது மூளையிலிருந்து புறப்படும் 12 ஜோடி நரம்புகளில் பத்தாவது. லத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்கு அலைந்து திரிவது என்று பொருள். கழுத்து, இதயம், நுரையீரல், வயிறு என்று எல்லா இடத்துக்கும் போய்விட்டு வருவதால் இந்தப் பேர். எங்க பெரியப்பா மாதிரி.

ஆகவே, செரிமானத்தில் எல்லா வேலையையும் நரம்புதான் செய்கிறது என்று பாவ்லவ் நினைத்தார். கணையமும் அப்படித்தான் என்றார்.

லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்று இரண்டு பேர். பேலிஸ் கட்டியது ஸ்டார்லிங்கின் சகோதரியை, அதனால் இருவரும் மாமன் மச்சான் முறை. 1902-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி அவர்கள் மயக்க மருந்து கொடுத்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் கட்டினார்கள். அந்தத் துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, இரத்தக் குழாய்களை மட்டும் விட்டுவைத்தார்கள். பிறகு துண்டுக்குள் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டார்கள். பாவ்லவ் சொன்னது சரி என்றால் கணையம் சும்மா இருக்க வேண்டும், ஏனென்றால் சேதி கொண்டுபோக நரம்பே கிடையாது. ஆனால் ஓரிரு நிமிடத்தில் கணையத்திலிருந்து நீர் சொட்ட ஆரம்பித்தது!

உடனே குடலின் உள்தோலைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றை நாயின் கழுத்து இரத்தக் குழாயில் ஏற்றினார்கள். அம்மியில் அரைக்கிற மாதிரிதான். மறுபடியும் கணையம் சுரந்தது. அந்தச் சாற்றில் இருந்த பொருளுக்குச் செக்ரிட்டின் என்று பேர் வைத்தார்கள். 27 பூ உள்ள சரம் என்று பிற்பாடு தெரிந்தது. 1905-இல்தான் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்ற சொல்லையே பயன்படுத்தினார். தூண்டிவிடுவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. அதாவது உலகத்தில் முதன்முதலில் ஹார்மோன் என்று அழைக்கப்பட்டவற்றில் ஒன்று நம் குடலில் இருப்பது. (அந்த நாய்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. டீச்சரிடம் சொன்னேன். எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.)

இந்தச் சேதி ரஷ்யாவுக்குப் போனதும் பாவ்லவின் ஆய்வுக்கூடத்திலும் அதையே செய்து பார்த்தார்கள். அதே முடிவு வந்தது. பாவ்லவ் பேசாமல் தன் அறைக்குள் போய்விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, அவர்கள் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டாராம். அவருடைய மாணவர் ஒருவர் இதை எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய மனுஷன் தன் மாணவர்கள் முன்னால் அப்படிச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இந்த இடத்தில்தான் நான் குழம்பிப் போனேன். அப்படி என்றால் பாவ்லவ் சொன்னது தப்பா? நரம்புக்கு வேலையே இல்லையா? இல்லை. இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. மீதியைக் கண்டுபிடிக்கப் பல வருஷம் ஆனது. அதற்கு நல்ல உதாரணம் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன். அதை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இப்போது நாலாவது பீரியட். சத்துணவு அக்கா சாம்பாருக்குத் தாளிக்கிறார்கள். கறிவேப்பிலை வாசம் ஜன்னல் வழியாக வருகிறது. முதலில் வாயில் எச்சில் ஊறும். இது முழுக்க நரம்பு வேலை, இதில் ஹார்மோனுக்கு இடமில்லை. அதே நேரத்தில் மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக இரைப்பைக்கும் சேதி இறங்குகிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஜி செல் என்று சில செல்கள் உண்டு. காஸ்ட்ரினைச் சுரப்பவை அவைதான். வேகஸ் சேதி வந்ததும், இரைப்பைச் சுவருக்குள் இருக்கும் சின்ன நரம்புகளின் நுனியிலிருந்து ஜிஆர்பி என்ற ஒரு பொருள் ஜி செல்லின் மேல் கசிகிறது. காஸ்ட்ரினை வெளியே விடு என்பது அதன் உத்தரவு. வேடிக்கை என்னவென்றால் இந்த ஜிஆர்பியும் ஒரு பெப்டைடு சரம்தான், 27 பூ. அப்போ நரம்பும் பெப்டைடில்தான் பேசுகிறது, ஹார்மோனும் பெப்டைடில்தான் பேசுகிறது!

ஜிஆர்பியின் சொந்தக்காரன் ஒருவன் முதலில் கிடைத்தது ஒரு தவளையின் தோலில். எர்ஸ்பாமர் என்ற இத்தாலி விஞ்ஞானி தவளைத் தோலில் என்னென்ன இருக்கிறது என்று வருஷக்கணக்காகத் தேடினவர். 1970-ஐ ஒட்டிய வருடங்களில் பாம்பினா என்ற ஐரோப்பியத் தவளையின் தோலிலிருந்து ஒரு பெப்டைடைப் பிரித்தார்கள். தவளை பேரையே வைத்து அதற்குப் பாம்பெசின் என்று பேர். அதைக் கொடுத்தால் காஸ்ட்ரின் கூடியது. தவளைத் தோலுக்கும் நம் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று தேடிப் போனபோதுதான் பாலூட்டிகளின் இரைப்பை நரம்புகளில் அதே மாதிரி ஜிஆர்பி இருப்பது தெரிந்தது. மழைக்காலத்தில் நம் பள்ளிக் கிணற்றடியில் கத்துகிற தவளையைக் கல்லால் அடிக்கிறவர்கள் கவனிக்கவும்.

நரம்பு இன்னொரு வேலையும் செய்கிறது. ஜி செல்லுக்குப் பக்கத்தில் டி செல் என்று ஒன்று இருக்கிறது. அது சொமட்டோஸ்டாட்டின் என்ற பெப்டைடைக் கசியவிட்டு ஜி செல்லை எப்போதும் அடக்கியே வைத்திருக்கும். சைக்கிள் பிரேக் மாதிரி. வேகஸ் சேதி வரும்போது அசிட்டைல்கோலின் என்ற பொருள் அந்தப் பிரேக்கைத் தளர்த்துகிறது. ஒரு பக்கம் பெடல், இன்னொரு பக்கம் பிரேக் விடுவது, இரண்டும் ஒன்றாக நடக்கிறது. காஸ்ட்ரின் இரத்தத்தில் கலந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி இரைப்பைக்கே வந்து அமிலத்தைச் சுரக்க வைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியதை ஊரெல்லாம் தண்டோரா போட்டுச் சொல்வது போல! அமிலம் அதிகமானால் அதுவே டி செல்லைத் தட்டி எழுப்பி, பிரேக்கை மறுபடி பிடிக்க வைக்கும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சுரக்கும் அமிலத்தில் சுமார் 30 சதவீதம் வாசனை, பார்வை, நினைப்பு, மெல்லுவது இவற்றால் மட்டுமே வந்துவிடுகிறது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதாவது சோறு வயிற்றில் விழும் முன்பே!

உங்களுக்குத் தெரியுமா? காஸ்ட்ரின் என்று ஒன்று இருப்பதாக 1905-லேயே எட்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் சொன்னார். இரைப்பையில் கிடைக்கும் வேறொரு பொருளும் அமிலத்தைச் சுரக்க வைத்ததால், இவர் அதைத்தான் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று யாரும் நம்பவில்லை. 1940-இல் அவர் இறந்துவிட்டார். 1964-இல் கிரகரி, டிரேசி என்ற இருவர் பன்றியின் இரைப்பையிலிருந்து காஸ்ட்ரினைத் தனியாகப் பிரித்து, அதில் 17 அமினோ அமிலம் இருக்கிறது என்று காட்டினார்கள். சொன்னது உண்மை என்று ஊர் ஒப்புக்கொள்ள 59 வருஷம்!

இதைப் படித்தபோது எனக்கு அந்தத் தோழி ஞாபகம் வந்தது. ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

வயிற்றுப்புண் இருப்பவர்களுக்கு அமிலம் குறைய வேண்டும் என்று ஒரு காலத்தில் வேகஸ் நரம்பையே வெட்டினார்கள். அமெரிக்காவில் டிராக்ஸ்டெட் என்ற டாக்டர் 1943-இல் ஆரம்பித்தது. வெட்டினால் காஸ்ட்ரின் குறையும் என்றுதானே நாம் நினைப்போம்? நானும் அப்படித்தான் டீச்சரிடம் சொன்னேன். ஆனால் இரத்தத்தில் காஸ்ட்ரின் கூடியது! அமிலம் குறைந்துபோனதால் டி செல்லைத் தட்டி எழுப்ப ஆளில்லை, பிரேக் பிடிக்கவில்லை, அதனால் ஜி செல் பாட்டுக்கு ஓடியது. 1982-இல் மார்ஷல், வாரன் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று வழி காட்டினார்கள். 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்போது மாத்திரையிலேயே பெரும்பாலும் குணமாகிவிடுகிறது, நரம்பை வெட்டுவது அரிதாகிவிட்டது.

அடுத்து, வகுப்பு அமைதியாக இருக்கும்போது வயிறு "கொர்ர்ர்" என்று கத்தி மானத்தை வாங்குமே, அது என்ன? வயிறு காலியாக இருக்கும்போது சுமார் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரைப்பையில் ஒரு பலமான அலை புறப்பட்டுக் குடல் வழியாகப் போகும். மிச்சம் மீதியைப் பெருக்கித் தள்ளுகிற விளக்குமாறு அது. மோட்டிலின் என்ற பெப்டைடு ஹார்மோன் இரத்தத்தில் உயரும் நேரத்தில்தான் இரைப்பையில் அந்த அலை கிளம்புகிறது. இங்கேயும் நரம்பும் ஹார்மோனும் கூட்டாளிகள்தான். உள்ளே இருக்கும் காற்றும் நீரும் அதில் உருளுவதுதான் அந்தச் சத்தம். ஆகவே யார் வயிறாவது கத்தினால் "இதோ இங்கே பெருக்குகிறார்கள்" என்று நினைத்துக்கொள்ளுங்கள், திரும்பிப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சாப்பாட்டு மணி நெருங்க நெருங்கப் பசி கூடுவதில் கிரெலின் என்ற இன்னொன்றுக்குப் பங்கு உண்டு. அதை 1999-இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா என்ற இருவரும் அவர்களுடைய குழுவினரும் எலியின் இரைப்பையில் கண்டுபிடித்தார்கள். நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே அது இரத்தத்தில் ஏறிவிடும். அதைச் சுரக்கும் செல்களையும் நரம்புகள் தூண்டிவிடுகின்றன.

இதுவரை சொன்னது எல்லாம் மூளையிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் சேதி. ஆனால் வேகஸ் நரம்பில் இருக்கும் இழைகளில் நூற்றுக்கு 80 போல எதிர்த்திசையில், வயிற்றிலிருந்து மூளைக்குத்தான் ஏறுகின்றன! நான் முதலில் டீச்சர் மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்றே நினைத்தேன். கொழுப்பும் புரதமும் குடலுக்குள் வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கும் (இந்தப் பேரைத் தப்பில்லாமல் எழுத மூன்று தடவை ஒயிட்னர் போட்டேன்). அது பித்தப்பையைச் சுருக்கும். கூடவே வேகஸ் நுனியைத் தொட்டு, "போதும்" என்று மூளைக்குச் சொல்ல வைக்கும். கல்யாண வீட்டில் இரண்டாவது தடவை பாயசம் வரும்போது கை தானாக இலையை மறைப்பதில் இதற்கும் பங்கு இருக்கிறது. இன்னொரு ஹார்மோன் ஜிஎல்பி-1. அதைச் சுரக்கும் செல்கள் குடலின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். ஆனால் சாப்பிட்டுக் கால் மணி நேரத்திற்குள், சோறு அங்கே போய்ச் சேரும் முன்பே, இரத்தத்தில் அது ஏறிவிடுகிறது. எலிகளில் வேகஸை வெட்டியபோது கொழுப்பினால் வரும் அந்த ஏற்றம் காணாமல் போனது. முன்கூட்டியே சொல்லிவிட்டது நரம்புதான் என்று அதிலிருந்து ஊகித்தார்கள். உடம்பில் அது இரண்டு நிமிடம்கூட நிற்காமல் சிதைந்துவிடும். அதே மாதிரி, ஆனால் சீக்கிரம் சிதையாத சரங்களைச் செய்துதான் இப்போது சர்க்கரை நோய்க்கு ஊசி மருந்தாகக் கொடுக்கிறார்கள்.

2018-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் போஹோர்கெஸ் என்பவரின் குழு இன்னொன்றைக் காட்டியது. இந்த ஹார்மோன் செல்களில் சில, தாமே ஒரு சின்னக் காலை நீட்டி வேகஸ் நரம்பைத் தொட்டுக்கொண்டு, ஒரு நொடியில் சின்னப் பங்கு நேரத்திற்குள் சேதி சொல்லிவிடுகின்றனவாம். தண்டோரா போடுகிறவரே ஆள் அனுப்பவும் செய்கிறார்! பேலிஸும் பாவ்லவும் இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள்.

இப்போது பயத்துக்கு வருவோம்.

1822-இல் அமெரிக்காவில் அலெக்சிஸ் செயிண்ட் மார்ட்டின் என்ற இளைஞனுக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டு, வயிற்றில் ஆறாத ஓட்டை விழுந்துவிட்டது. போமண்ட் என்ற டாக்டர் அந்த ஓட்டை வழியாகவே இரைப்பையைப் பல வருஷம் எட்டிப் பார்த்து 1833-இல் புத்தகம் போட்டார். அவன் கோபமாகவோ பயந்தோ இருந்தால் இரைப்பையின் நிறமும் சுரப்பும் மாறுவதை அவர் கண்ணால் பார்த்தார். கண்ணால் பார்த்தது மட்டுமே அது, காரணம் பிறகுதான் தெரிந்தது. பயம் வந்தால் மூளையில் சிஆர்எஃப் என்ற பெப்டைடு சுரக்கிறது. 1981-இல் வேல் என்பவரின் குழு அதன் அமைப்பைக் கண்டுபிடித்தது. அந்தச் சேதி நரம்புகள் வழியாக வயிற்றுக்கு இறங்கும்போது இரண்டு காரியம் நடக்கிறது. இரைப்பை காலியாவது மெதுவாகிறது, அதனால் குமட்டல். பெருங்குடலோ வேகமாக ஓடுகிறது, அதனால் கழிவறை. குடியரசு தினத்தன்று என் மூன்று ஓட்டத்துக்கும் இதுதான் கணக்கு. இந்தச் சுவருக்குள் பத்துக் கோடிக்கும் மேல் நரம்பு செல்கள் இருக்கின்றன. அவ்வளவு பேர் ஒன்றாகக் கலங்கினால் வலி எப்படி நடிப்பாகும்?

அந்தத் தோழியிடம் நான் போய்ப் பேசினேன். முதலில் அவள் பேசவில்லை. அப்புறம் சொன்னாள். காலையில் நாலு மணிக்கு எழுந்து அம்மாவோடு மல்லிகைப் பூ பறிக்கப் போகிறாளாம். வெயில் ஏறும் முன் பறித்துவிட வேண்டும், இல்லை என்றால் மொட்டு விரிந்துவிடும், விலை கிடைக்காது. வந்து ஒரு டம்ளர் வரக்காப்பி குடித்துவிட்டு நேராகப் பள்ளிக்கூடம். மத்தியானம் சத்துணவு வரைக்கும் வேறு எதுவும் கிடையாது. என் தம்பி மூன்றாம் வகுப்பு, அவனுக்குக் காலைச் சிற்றுண்டித் திட்டத்தில் பொங்கலோ கிச்சடியோ கிடைக்கிறது. 2022-இல் தொடங்கிய திட்டம், ஐந்தாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பு வயிற்றுக்கு அது கிடையாது. காப்பி காஸ்ட்ரினைச் சுரக்க வைக்கும், அமிலத்தையும் கூட்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. உள்ளே சோறு இல்லை, அமிலம் மட்டும் இருக்கிறது. அதன் மேல் கணக்குப் பரீட்சை பயம். இத்தனையும் ஒரே வயிற்றில் நடந்திருக்கிறது, நான் பட்டப்பேர் வைத்திருக்கிறேன்.

ஆனால் நான் டாக்டர் இல்லை. டீச்சரும் அதைத்தான் சொன்னார்கள். "எல்லா வயித்து வலியும் பயம்னு நீயா முடிவு பண்ணக்கூடாது. ராத்திரி தூக்கத்தில எழுப்புற வலி, கருப்பா மலம் போறது, உடம்பு மெலியறது இதெல்லாம் இருந்தா உடனே காட்டணும்." அவள் அம்மாவோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வந்தாள். டாக்டர் அம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்து, காலையில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து, எதையாவது சாப்பிடாமல் காப்பி குடிக்காதே என்றார்களாம். இப்போது தூக்குவாளியில் நீராகாரம் எடுத்துக்கொண்டு பூக்காட்டுக்குப் போகிறாள். போன இயற்பியல் தேர்வில் வலி வந்தது, ஆனால் கொஞ்சம்தான் என்றாள். எழுதி முடித்துவிட்டாள். என்னைவிட ஆறு மார்க் அதிகம்.

கீழே உள்ள படத்தில் பச்சை ஸ்கெட்ச்சில் வரைந்திருப்பது வேகஸ் நரம்பு, சிவப்பு இரத்தக் குழாய், ஊதாப் புள்ளிகள் ஜி செல். கணையத்தைக் கொஞ்சம் பெரிதாக வரைந்துவிட்டேன், இடம் பத்தவில்லை. படத்தை வரைந்து கொடுத்தது அந்தத் தோழிதான். வேறு ஏதாவது பிழை இருந்தால் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். பேனாவும் கபடி ஸ்கோரும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி